முள் சத்தம் கேட்டது, பெயர் கேட்கவில்லை

கருங்கல் காட்டில் ஒரு சுனை இருந்தது. கோடையிலும் வற்றாத சுனை. அதைச் சுற்றிலும் பாறைகள் மதில்போல் நின்றன. அந்த மதிலில் இரண்டே இடைவெளிகள். மலைப்பக்கம் இருந்தது மேல்வாசல். ஓடைப்பக்கம் இருந்தது கீழ்வாசல்.

இரண்டு முள்ளம்பன்றிகள் அங்கே காவல் இருந்தன. மேல்வாசலில் கூரன்; கீழ்வாசலில் கட்டையன். இருவருக்கும் கண்பார்வை மங்கல். அதனால் விலங்குகள் எல்லாம் கூடிச் சில விதிகள் வைத்திருந்தன.

ஒரு நேரத்தில் ஒரு வாசல்தான் திறந்திருக்கும். வழக்கமாக அது மேல்வாசல். கட்டையன் தன் வாசலை இலந்தை முள்ளால் அடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். கூரன் அவ்வப்போது முதுகு முட்களைச் சலசலவென்று ஆட்டுவான். "நான் இருக்கிறேன்" என்று அதற்குப் பொருள். சத்தம் நின்றால் கட்டையன் உடனே முள்ளை விலக்கிக் கீழ்வாசலைத் திறக்க வேண்டும். கரிச்சான் குருவி காடெங்கும் பறந்து, "கீழ்வாசலுக்கு வாருங்கள்" என்று எல்லோருக்கும் வழி சொல்ல வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. மேயப் போகிறவர்கள் காவலனிடம் பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெளியே போனவர் திரும்பி வந்து பெயரைச் சொன்னால் உள்ளே விடலாம். போகாதவர் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் விடக் கூடாது. முன்பு ஒரு நரி, "நான் முயலுக்குத் தாய்மாமன்" என்று சொல்லி நுழைந்து, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. விருந்தே முயல்தான். அதன் பிறகு வந்த விதி இது.

தான் கேட்ட பெயர்களைக் கூரன் கட்டையனுக்கும் உடனுக்குடன் கூவிச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலம் சொன்னான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

'எல்லாப் பெயரும் அவனுக்கும் தெரிந்துவிட்டால் எனக்கு என்ன மதிப்பு?'

அன்றோடு பெயர் சொல்வதை நிறுத்திவிட்டான். முள்ளை மட்டும் முன்னைவிடப் பலமாக ஆட்டினான். சத்தம் கேட்டதால், காவல் ஒழுங்காக நடக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

கோடை முற்றிய ஒரு நாள், விலங்குகள் மேயப் போயிருந்தன. கடைசியாகப் போனவள் பஞ்சி என்ற முயல். கண் திறந்து சில நாளே ஆன குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, புதரில் பத்திரமாக மறைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நண்பகலில் மேல்வாசல் மரத்திலிருந்து ஒரு குளவிக்கூடு பிய்ந்து, கூரனின் தலையிலேயே விழுந்தது. கூரன் அலறிக்கொண்டு ஓடிச் சுனைக்குள் குதித்தான். மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தான். முள் நனைந்துவிட்டது, நனைந்த முள் சலசலக்குமா?

சத்தம் நின்றதும் கட்டையன் எழுந்தான். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. முள்ளை இழுத்துப் போட்டுக் கீழ்வாசலைத் திறந்தான். கரிச்சானும் பறந்துபோய்ச் சேதி சொன்னது. கூடவே, ஓடைக்கு அப்பால் செந்நாய்க் கூட்டம் சீழ்க்கை அடித்துக்கொண்டு வருவதையும் சொன்னது.

விலங்குகள் எல்லாம் கீழ்வாசலுக்கு ஓடி வந்தன. முன்னால் நின்ற மான், "நான் கொம்பி. வழி விடு" என்றது.

"கொம்பி வெளியே போகவே இல்லையே" என்றான் கட்டையன். "தள்ளி நில்."

"நான் கிடா, காலையிலேயே போனவன்" என்று காட்டுப்பன்றி முட்டிக்கொண்டு வந்தது.

"கிடாவும் போகவில்லை. போனதாக எனக்குச் சொல்லவில்லை."

பஞ்சி கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து முன்னால் வந்தாள். "கட்டையண்ணே, நான் பஞ்சி. என் குரல் தெரியவில்லையா? குட்டிகள் உள்ளே பசியோடு கிடக்கும்."

"பஞ்சி உள்ளே இருக்கிறாள்" என்றான் கட்டையன். "அப்படியென்றால் நீ யார்?"

பஞ்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நான் உள்ளே இருந்தால் உங்களோடு பேசுவது யார்? என் நிழலா?"

"அந்த நரியும் இப்படித்தான் நன்றாகப் பேசியதாம்."

"கூரன் உங்களிடம் யார் பெயரையும் சொல்லவில்லையா?"

"அவன் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிறது."

"நீங்கள் ஏன் என்று கேட்கவில்லையா?"

"எதற்குக் கேட்பது? ஒருவரும் வெளியே போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்."

"ஒருவருமே போகவில்லையா?" என்று காட்டுப்பன்றி உறுமியது. "அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் எதைத் தின்றோம்? பாறையையா?"

சீழ்க்கைச் சத்தம் ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அப்போது கூரன் நீர் சொட்டச் சொட்ட உள்ளேயிருந்து வந்தான். முகம் பலாப்பழம்போல் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாகக் கட்டையன்மேல் பாய்ந்தான். "யாரைக் கேட்டு வாசலைத் திறந்தாய்?"

"உன் சத்தம் நின்றது. திறந்தேன். இவர்களெல்லாம் வெளியே போனவர்களா, சொல்."

"உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? குளவி அடங்கட்டும். எல்லோரும் என் வாசலுக்கே வரட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்."

பஞ்சி வாசல் கல்லின்மேல் தாவி ஏறினாள்.

"ஏன்யா, உனக்கு வெட்கமாக இல்லை?" என்றாள். இத்தனை நாள் அவள் யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "எங்கள் பெயரை உன்னிடம் நம்பிச் சொன்னோம். அது உனக்குச் சீதனமா, பூட்டி வைக்க? இவர் எங்களைத் தெரியாது என்கிறார். நீ தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறாய். நாங்கள் நாய் வாயில் போனால் மேல்வாசலில் உட்கார்ந்து யாருக்குக் காவல் காப்பாய்? குளவிக்கா?"

கூரன் தலை குனிந்தான். பிறகு பெயர்களைச் சொல்லத் தொடங்கினான். போன வரிசையில்தான் அவனுக்கு நினைவு வந்தது. "கொம்பி, கிடா…" என்று அவன் சொல்லச் சொல்ல, கட்டையன் ஒவ்வொருவராக உள்ளே விட்டான். கடைசியாகப் போனவள் பஞ்சி. அதனால் அவள் பெயரும் கடைசியில்தான் வந்தது.

"பஞ்சி" என்று கூரன் சொன்னபோது முதல் செந்நாய் வந்துவிட்டது. அவள் உள்ளே பாய்ந்தாள். நாயின் பல்லில் ஒரு காதின் பாதி சிக்கிக்கொண்டது. கட்டையன் முதுகைத் திருப்பி முட்களை விரித்து வாசலை அடைத்தான். மூக்கில் முள் தைத்த நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. மற்ற நாய்களும் அதன் பின்னால் ஓடின.

பஞ்சி இரத்தம் சொட்டும் காதோடு நேராகப் புதருக்குப் போனாள். குட்டிகளுக்குப் பால் கொடுத்தாள். அதன் பிறகுதான் திரும்பி வந்து கூட்டத்தில் உட்கார்ந்தாள்.

கூரனை விரட்ட வேண்டும் என்றது மான். கட்டையனையும் சேர்த்து விரட்ட வேண்டும் என்றது காட்டுப்பன்றி. "சொல்லாதவன் ஒருவன், கேட்காதவன் ஒருவன். நல்ல பொருத்தம்" என்று அது கறுவியது.

"விரட்டினால் வாசலில் யார் நிற்பது?" என்றாள் பஞ்சி. "இனி கூரன் ஒவ்வொரு பெயரையும் கூவ வேண்டும். கட்டையன் அதைத் திருப்பிக் கூவ வேண்டும். திருப்பிக் கூவியது காதில் விழாமல் நாங்கள் யாரும் மேய்ச்சலுக்கு நகரமாட்டோம்."

"அது போதுமா?" என்றது மான்.

"போதாது. நாய் இல்லாத நல்ல நாளாகப் பார்த்துக் கூரன் சுனையில் முங்க வேண்டும். சத்தம் நின்றதும் கீழ்வாசல் திறக்கிறதா, கரிச்சான் வழி சொல்கிறதா, கட்டையன் எங்கள் பெயரை அறிவாரா என்று நாங்கள் வந்து பார்ப்போம். மாதாமாதம் பார்ப்போம்."

கூரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒன்றும் நடக்காத நாளில் எதற்கு நான் நனைய வேண்டும்? நான் என்ன எருமையா?"

பஞ்சி அறுந்த காதை அவன் பக்கமாகத் திருப்பினாள்.

"பேசாமல் முங்குங்கள் அண்ணே" என்றாள்.

கூரன் முங்கினான்.

நமக்குப் பதிலாக நிற்க ஒருவரை வைத்தால் மட்டும் போதாது. நமக்குத் தெரிந்ததை எல்லாம் அன்றன்றே அவருக்கும் சொல்லி, ஆபத்து வருமுன்பே அவரை நம் இடத்தில் நிறுத்திச் சோதித்தும் பார்க்க வேண்டும்.