ஆட்டம் வெளியே போன வழி

“அவ வந்ததுல இருந்துதானுங்க மேடம் நம்ம ஆட்ட ரகசியம் வெளிய போகுது.”

கேப்டன் மங்களேஸ்வரி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள், ஒரு எழுத்துகூட மாறாமல். கோச் ஜெசிந்தா பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“கேக்குதுங்களா மேடம்?”

“மூணு தடவை கேட்டுது.”

பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் கோவை அணி வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றிருந்தது. இன்னும் ஒன்று தோற்றால் அரையிறுதி கிடையாது. மங்களேஸ்வரிக்கு வயது முப்பத்து நாலு. முழங்கால் இந்த சீசனோடு சரி என்று டாக்டர் சொல்லியாயிற்று. கோப்பையைத் தொடாமல் வீட்டுக்குப் போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

‘அவ’ என்றால் சுகிர்தா. பாதி சீசனில் மதுரை அணியிலிருந்து வந்தவள்.

கோவைக்காரர்கள் தங்கள் தாக்குதல்களுக்கு டவுன்பஸ் நிறுத்தங்களின் பெயரை வைத்திருந்தார்கள். கேப்டன் “காந்திபுரம்” என்று கத்தினால் பந்து நடுவில் நிற்கும் உயரக்காரிக்குப் போகும். “உக்கடம்” என்றால் வலது மூலைக்கு, சுகிர்தாவின் கைக்கு. இப்போதெல்லாம் உக்கடத்துக்கு எதிரணியில் இரண்டு பேர் முன்னாலேயே போய் நின்றார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி.

“அதான் பேரை மாத்தினோமே” என்றார் ஜெசிந்தா.

“மாத்தினோம். காந்திபுரத்துக்கு ஜாங்கிரி, உக்கடத்துக்கு மைசூர்பாகுன்னு வெச்சோம். என்ன ஆச்சு? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஓடறாங்க. வேற யாருக்குப் பந்து போனாலும் ஒருத்தரும் அசையறதில்லை. இவளுக்குப் போறப்ப மட்டும். இவ சொல்லாம யாருங்க சொல்லியிருப்பா?”

“ம்.”

“போன்ல மதுரைக்காரங்களோட சிரிச்சு சிரிச்சுப் பேசறா. நான் போனா நிறுத்திக்கறா.”

“நீ போனா எல்லாருமே நிறுத்திக்கறாங்களே.”

மங்களேஸ்வரி டைப் அடித்துக் கொண்டுவந்த கடிதத்தை நீட்டினாள். சீசன் நடுவில் ஒருத்தியை வெளியே அனுப்பத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். கோச், கேப்டன் இருவர் கையெழுத்தும் வேண்டும். மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்றுதான் வந்திருந்தாள்.

ஜெசிந்தா வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மங்களேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை சுலபமாகப் போடுகிறாரே, இவருக்கும் இதில் ஏதோ இருக்கிறதா?

“ஞாயித்துக்கிழமை மதுரையோட ஆட்டம்” என்றார் ஜெசிந்தா. “நீ ஆட வேண்டாம். அவங்க பெஞ்சுக்குப் பின்னாடி கேலரில போய் உட்காரு. முடிஞ்சதும் உன் கையெழுத்தைப் போடு.”

“நான் இல்லாம தோத்துட்டா?”

“நீ ஆடின அஞ்சு ஆட்டம் என்ன ஆச்சு?”

ஞாயிறு மதியம் தொப்பியும் முகக்கவசமுமாகக் கேலரியில் உட்கார்ந்தாள். கடிதம் மடியில், பேனா கையில்.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுகிர்தா ஓடிவந்து மதுரை கோச்சிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். மங்களேஸ்வரி பேனா மூடியைக் கழற்றினாள். மதுரை கோச் பொட்டலத்தைப் பிரித்தார். முறுக்கு. அடியில் சீட்டு ஏதும் இருக்குமோ என்று மங்களேஸ்வரி எழுந்து நின்றே எட்டிப் பார்த்தாள். அடியிலும் முறுக்குதான்.

விசில் ஒலித்தது. மதுரைக்காரர்களின் உதவிக் கோச் முன்னால் குனிந்து அரங்கைக் கண்ணால் துழாவிவிட்டுத் தன் கோச்சிடம் சொன்னாள்.

“அக்கா, பதினொண்ணு இறங்கலையே!”

பதினொன்று மங்களேஸ்வரியின் சட்டை எண்.

“இறங்கலையா? பெஞ்சுலயும் இல்லையா?”

“ஆளையே காணோம்க்கா.”

“அப்ப இன்னிக்கு எதைப் பார்த்து ஆடுறது? நம்ம சுகிர்தாவுக்குப் பந்து போடுறதுக்கு முன்னாடி அந்தப் பதினொண்ணு ஒரு முறைப்பு முறைக்கும்ல, என்னமோ நகையைத் திருடுனவளைப் பார்க்கிற மாதிரி. வீடியோ பார்த்த அம்புட்டுப் பேரும் அதை வச்சுத்தானே ஓடுனாங்க!”

முறுக்குக் கடிபடும் சத்தம் கேட்டது.

“மைசூர்பாகு!” என்று கோவை அணியில் யாரோ கத்தினார்கள். மதுரைக்காரர்கள் ஐந்து பேரும் ஐந்து பக்கம் பார்த்தார்கள். வலது மூலையில் சுகிர்தா தனியாக நின்றாள். பந்து கூடையில் விழுந்தது.

அன்று சுகிர்தாவுக்கு மட்டும் இருபத்திரண்டு புள்ளி. கோவை ஆறு புள்ளியில் ஜெயித்தது.

உடை மாற்றும் அறை காலியான பிறகு மங்களேஸ்வரி உள்ளே வந்தாள். கடிதம் நாலாக மடிந்திருந்தது.

“எப்பங்க மேடம் கவனிச்சீங்க?”

“போன வாரம். வீடியோல.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா, அவதான் என்கிட்ட வந்து கோள்மூட்டினான்னு சொல்லியிருப்ப.”

மங்களேஸ்வரி சொல்லித்தான் இருப்பாள்.

“நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டீங்களே. நானும் அன்னிக்கே போட்டிருந்தா?”

“போட்டிருந்தா அவ போயிருப்பா. அடுத்து யாரை முறைச்சிருப்பியோ.”

கொஞ்ச நேரம் மங்களேஸ்வரி மடித்த கடிதத்தை மேலும் மடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அது மடியவில்லை.

“அவமேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரலைங்க மேடம். பொய் சொல்ல மாட்டேன். அடுத்த ஆட்டத்துல நான் என்ன பண்ணட்டும்?”

ஜெசிந்தா பந்துகளை வலைப்பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டார்.

“பார்த்துட்டுப் போடாதே. போட்டுட்டுப் பாரு.”

வெளியே விடுதிக்குப் போகிற பஸ் நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பின்னால் நிறைய சீட் காலியாக இருந்தது. நடுவில் ஜன்னலோரமாக சுகிர்தா சாய்ந்திருந்தாள், கண்கள் மூடியிருந்தன. அவள் பை பக்கத்து சீட்டில் இருந்தது.

மங்களேஸ்வரி அங்கே போய் நின்றாள். தூங்குகிறாளா, நடிக்கிறாளா என்று குனிந்து பார்க்கப் போனவள் பாதியில் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பையைக் கொஞ்சம் எடுத்துக்கறியா?”

பஸ் கிளம்பி கேட்டைத் தாண்டியது. மங்களேஸ்வரி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே இன்னொரு தடவை கேட்டாள்.

“சுகிர்தா, பையைக் கொஞ்சம் எடுத்துக்கறியாம்மா?”