முள்ளாயியின் மண்குழி

ஒரு மலைச்சரிவைக் காட்டெருமை ஒன்று ஆண்டுவந்தது. காட்டுக்கு அரசன் சிங்கம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த மலையில் எந்தக் காலத்திலும் சிங்கம் இருந்ததில்லை. இல்லாத மிருகத்தை அரியணையில் உட்கார்த்த முடியாது. ஆகவே காட்டெருமை.

மேலைச்சரிவு என்ற அந்தச் சரிவில் மிருகங்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைத்தன. சரிவின் அடியில் ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் கீழைச்சரிவு. அங்கேயும் ஒரு காலத்தில் கிழங்கு நன்றாக விளைந்தது. பிறகு மண்ணில் நூற்புழு வந்தது. செடிகள் நடுப்பகலில் துவண்டன, மஞ்சளாயின. தோண்டிப் பார்த்தால் கிழங்கு நெல்லிக்காய் அளவுகூட இல்லை.

இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண் புழு செத்ததும் அதன் உடம்பே முட்டைப் பையாகிவிடும். கசகசாவைவிடச் சிறிய பை. காய்ந்த மண்ணில் அது இருபது வருஷம் தூங்கும். கிழங்குச் செடியின் வேர் பக்கத்தில் வந்தால்தான் முட்டைகள் விழிக்கும். அதுவரை அதற்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால் மேலைச்சரிவில் ஒரு சட்டம் இருந்தது. கீழைச்சரிவிலிருந்து கிழங்கு எதையும் கொண்டுவரக் கூடாது. அங்கே போய்த் திரும்புகிறவர் யாரானாலும் ஓடைத்துறையின் கடைசிப் பாறையில் நின்று காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். குளம்பின் பிளவுக்குள் அப்பியிருக்கும் மண் தண்ணீரில் நனைத்தால் மட்டும் போகாது. அதைக் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

கிளறுகிறவள் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முள்தான் அவளுக்குக் கருவி. கிளறிய மண்ணை அந்தப் பாறையிலிருந்த குழியில் தட்டிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் குழி முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

துறையிலிருந்து பத்தடி மேலே அவளுடைய கொல்லை. அதில் விளைந்தது சிவப்புத்தோல் கிழங்கு. பனியில் கருகாது, மழையில் அழுகாது. அந்த மலையில் வேறு யாரிடமும் அது இல்லை. முள்ளாயிக்குக் குட்டிகள் கிடையாது. ஒவ்வொரு விதைப்புக்கும் ஒவ்வொரு கிழங்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்து விதைக்கு எடுத்துவைப்பாள். புழு ஓடையைத் தாண்டினால் முதலில் போவது அந்தக் கொல்லைதான். அது அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் பல்லையன் என்ற காட்டுப்பன்றி கீழைச்சரிவில் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினான்.

“காலைத் தூக்கு,” என்றாள் முள்ளாயி.

“நேத்துதானே அக்கா கிளறினீங்க?”

“நேத்து நடந்த காலை நேத்து கிளறினேன். இன்னைக்கு நடந்ததைத் தூக்கு.”

“பன்னிரண்டு வருஷமா கிளறுறீங்க. ஒரு புழுவையாவது பார்த்திருக்கீங்களா?”

“இல்லை.”

“நான் பார்த்திருக்கேனா?”

“நீ திங்கிறதையே பார்க்காமத்தான் திங்கிற. அது இருக்கட்டும். வாயில என்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“ஒண்ணுமில்லாத கன்னம் ஒரு பக்கம் மட்டும் வீங்காது. துப்பு.”

பல்லையன் துப்பினான். பெரிய, வெள்ளைத்தோல் கிழங்கு. “மச்சான் கொடுத்தது அக்கா. கல்யாணச் சீர். பாருங்க, ஒரு புள்ளி உண்டா?”

“பார்க்க நல்லாத்தான் இருக்கும்,” என்ற முள்ளாயி கிழங்கைக் குழிக்குள் உருட்டிவிட்டாள்.

காலைத் தூக்கச் சொன்னதைப் பல்லையன் பன்னிரண்டு வருஷம் பொறுத்திருந்தான். சீரைக் குழியில் போட்டதை அவனால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே சபையில் பிராது கொடுத்தான்.

சபை கூடியது. தலைவர் காட்டெருமை நடுவில் படுத்திருந்தார். மண் சம்பந்தமான விவகாரங்களில் அவருக்கு ஆலோசகர் வாலாண்டார் என்ற கருமந்தி. வாலாண்டார் பிறந்ததிலிருந்து மரத்தைவிட்டு இறங்கியதில்லை. அதனால் மண்ணைப் பற்றி அவரால் ஒரு பக்கமும் சாயாமல் பேச முடிந்தது.

“தலைவரே,” என்றான் பல்லையன், “பன்னிரண்டு வருஷமா நம்ம சரிவில் ஒரு செடிகூடப் புழுவால் சாகலை. வராத புழுவுக்கு எதுக்குக் காவல்?”

“காவல் இருக்கிறதாலதான் வரலை,” என்றாள் முள்ளாயி.

வாலாண்டார் கிளையிலிருந்து குனிந்தார். “அம்மா, காவல் இல்லாம ஒரு வருஷமாவது இருந்து பார்த்தோமா?”

“இல்லை.”

“அப்போ காவலாலதான் வரலைன்னு எப்படிச் சொல்றீங்க?”

சபை வியந்து தலையாட்டியது. முள்ளாயி குழியிலிருந்து கொண்டுவந்த மண்கட்டியை எடுத்துவைத்தாள். “இதுல இருக்கு புழு.”

வாலாண்டார் வாலை மட்டும் கீழே விட்டு மண்ணைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார். “இது மண்.”

“மண்ணு மாதிரித்தான் இருக்கும்.”

“எல்லா மண்ணும் மண்ணு மாதிரித்தான் இருக்கு அம்மா.”

சபை சிரித்தது. முள்ளாயியின் முட்கள் சிலிர்த்தன, அவள் அடக்கிக்கொண்டாள். “இந்த மண்ணில் ஒரு கிழங்கை நடுறேன். ஒரே ஒரு பருவம் பொறுங்க. செடி சொல்லும்.”

பக்கத்திலிருந்த முயல் அவள் காதில் கிசுகிசுத்தது: “நீங்க சொல்றது சரின்னுதான் அக்கா எனக்கும் படுது.”

“எழுந்து நின்னு சொல்லேன்.”

“எனக்கு எதுக்கு அக்கா வம்பு? குடும்பம் பெரிசு.”

தலைவர் யோசித்தார். அவர் கீழைச்சரிவுக்குப் புல் மேயப் போவதுண்டு. திரும்பும்போது குடிகள் பார்க்க ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பாறையில் தள்ளாடுவதுண்டு. அவர் யோசித்தது அதைத்தான்.

“தாராளமா நட்டுப் பாரும்மா. வேண்டாம்னு யார் சொன்னது?” என்றார். “ஆனா விதைப்பு நெருங்கிடுச்சு, விதைக்கிழங்கும் இந்த வருஷம் குறைவு. தடை இன்றோடு நீங்கியது.”

மறுநாளிலிருந்து பன்றிகள் கூட்டம் கூட்டமாக ஓடையைத் தாண்டின. கன்னம் இரண்டும் புடைக்கக் கிழங்கோடு திரும்பின. முள்ளாயி வழக்கம்போல் பாறையில் உட்கார்ந்திருந்தாள். முதல் சில நாட்கள் சில மிருகங்கள் பழக்கத்தில் அவள் முன் நின்று காலைத் தூக்கின. பிறகு ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டு போயின. அப்புறம் யாரும் நிற்கவில்லை.

அவள் தன் கிழங்குகளில் ஒன்றைக் குழிமண்ணில் நட்டாள். மூன்றாம் மாதம் செடி மஞ்சளாகித் தலை சாய்ந்தது. பிடுங்கினாள். வேரெங்கும் ஊசிமுனை அளவில் பொன்னிற மணிகள். அதைத் தூக்கிக்கொண்டு வாலாண்டாரின் மரத்தடிக்கு ஓடினாள்.

“பாறைக்குழியில் எந்தச் செடி அம்மா பிழைக்கும்?” என்றார் வாலாண்டார். “அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.”

அந்தப் பக்கம் சரிவு முழுவதும் பச்சைப் பசேலென்று இருந்தது. ஏராளமாக விதைத்திருந்தார்கள், அந்த வருஷம் ஏராளமாக விளைந்தது. வந்த புழுக்கள் இன்னும் கொஞ்சம்தான். பெருகுவதற்கு அவற்றுக்கு அவகாசம் வேண்டும். தடை நீங்கிய நாளை மிருகங்கள் வருஷாவருஷம் கொண்டாடுவதென்று தீர்மானம் போட்டன.

இரண்டாம் வருஷம் முள்ளாயியின் கொல்லையில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. அவள் அந்த வட்டத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டினாள். பள்ளத்தைத் தாண்டிப் பன்றிகள் நடந்தன. மூன்றாம் வருஷம் சரிவு முழுவதும் நடுப்பகலில் துவண்டு படுத்தது. முயல் தன் பாத்தியைத் தோண்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதன் குடும்பம் பெரிசு.

மறுபடி சபை கூடியது. இப்போது புழு உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டார் தலைவர்.

பல்லையனுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவன் வீட்டில் இரண்டு குட்டிகள் செத்திருந்தன. “பன்னிரண்டு வருஷமா புழுமண்ணைக் குழி நிறையச் சேர்த்துவெச்சது யாரு?” என்றான். “முதல்ல பழுத்தது யார் கொல்லை?”

“நான் சேர்த்துவெச்சது உங்க கால்ல இருந்ததைத்தான்,” என்றாள் முள்ளாயி.

வாலாண்டார் தொண்டையைச் செருமினார். “குழியில் புழு இருந்ததுக்கு நிரூபணம் இருக்கு, தலைவரே. செடியைப் பிடுங்கிக்கொண்டுவந்து என்கிட்ட அவங்களே காட்டினாங்க. மற்ற இடத்திலிருந்து வந்ததுக்கு நிரூபணம் எதுவும் என் பார்வைக்கு வரலை.”

முயல் முள்ளாயியைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது.

அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. முள்ளாயி மலையைவிட்டுப் போக வேண்டும். இனிமேல் துறையில் எல்லாரும் கண்டிப்பாகக் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரையைக் காப்பாற்ற என்று யாரும் கேட்கவில்லை.

போகுமுன் முள்ளாயி தன் கொல்லை முழுவதையும் தோண்டினாள். எல்லாம் சுண்டைக்காய்கள். ஒரு மூலையில் மட்டும் ஒரே ஒரு சிவப்புத்தோல் கிழங்கு, முழுதாக, மூன்று கண்களோடு கிடைத்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடையோரமாகவே இறங்கினாள்.

இரண்டு நாள் நடந்தபின் கீழ்ப் பள்ளத்தாக்கின் துறை வந்தது. அங்கே பாறையில் ஒரு நீர்நாய் மீன்முள்ளோடு உட்கார்ந்திருந்தான்.

“எங்கேருந்து வர்றீங்க?”

முள்ளாயி கிழங்கைக் கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டாள். “மேலைச்சரிவு.”

“காலைத் தூக்குங்க அம்மா.”

தூக்கினாள். நீர்நாய் மேலோட்டமாகக் கிளறினான். முள்ளாயியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் முள் ஒன்றைப் பிடுங்கி நீட்டினாள். “மீன்முள் வளையும். இதை வெச்சுக்கோ. நகத்துக்கு அடியில் குத்தி, வெளிப்பக்கமா இழு.”

நீர்நாய் அப்படியே செய்தான். நான்கு கால்களும் முடிந்தன. “வாயில என்னம்மா?”

முள்ளாயி கிழங்கை நாக்கால் ஒருமுறை புரட்டினாள். பிறகு துப்பினாள்.

“அடேயப்பா,” என்றான் நீர்நாய். “இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லையே.”

“இது ஒண்ணுதான் மிச்சம். இதுபோல வேற எங்கேயும் இல்லை.”

நீர்நாய் அவளைப் பார்த்தான். கிழங்கைப் பார்த்தான். இரு கரையையும் பார்த்தான். “யாரும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லாம நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்கம்மா.”

“பார்க்க நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் முள்ளாயி. கிழங்கை மூக்கால் தள்ளி, அங்கிருந்த குழிக்குள் தானே உருட்டிவிட்டாள். “இனி யார் வந்து என்ன சொன்னாலும் விடாதே.”

நீர்நாய் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சுவிட்டான். “எனக்கே இந்த வேலை எத்தனை நாளோ தெரியலை. இத்தனை வருஷத்தில் ஒரு புழுவும் வரலையே, காவல் எதுக்குன்னு எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க. வர்ற வாரம் சபை கூடுது.”

முள்ளாயி பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கிடந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேடு வராதபடி காக்கும் காவலை, கேடுதான் வரவில்லையே என்று சொல்லி நீக்குகிறவர்கள், கேடு வந்தபின் காத்தவரையே குற்றவாளியாக்குவார்கள்.