நனைக்காத செங்கல்

மலாவி நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூடம் கட்டிக்கொடுக்க நம் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் சம்பளமில்லாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்குக் கொத்துவேலை சொல்லிக்கொடுத்தவர் மதர் பெர்க்மான்ஸ். அவருடைய சிஷ்யை ஜெனோவா, மடத்தில் சேர்ந்து இரண்டே வருடம் ஆனவள்.

செங்கல்லை ஊறப்போட்டு எடுத்துத்தான் அடுக்க வேண்டும் என்று மதர் முதல் நாளே சொல்லியிருந்தார். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு கலவை பிடிக்காது.

தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தது. ஊர்ப் பெண்கள் தலையில் வாளி வைத்துச் சுமந்தார்கள். அவர்களில் தொகோசானி என்பவள் கைக்குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு தடவை போய் வந்தாள்.

ஜெனோவாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூரைத் தகடு வாங்க மதர் நகரத்துக்குப் போயிருந்த வாரத்தில், கல்லை நனைக்க வேண்டாம், கலவைக்கு மட்டும் தண்ணீர் போதும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆறு தடவை இரண்டானது. தண்ணீரைக் கண்டு பயப்படுகிற சிஸ்டர் என்று தொகோசானி சைகையிலேயே அவளைக் கேலி செய்தாள். ஆனால் மத்தியானம் அவித்த கிழங்கில் பெரியதை ஜெனோவாவுக்குத்தான் கொடுத்தாள்.

சுவர் தோள் உயரம் வந்தபோது மதர் திரும்பினார். கல் இடுக்கில் நகத்தால் கீறினார். கலவை மணலாக உதிர்ந்தது. யாரையும் திட்டவில்லை.

ஜெனோவா நடந்ததையெல்லாம் தானே சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"அவ மேல இரக்கப்பட்டது தப்பா, மதர்?"

மதர் தொகோசானியைக் கூப்பிட்டார். வெயிலாக இருக்கிறதே, பிள்ளையை அந்தச் சுவர் நிழலில் படுக்க வையேன் என்று அவள் மொழியில் சொல்லிக் கை காட்டினார். தொகோசானி சிரித்துக்கொண்டே முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

ஜெனோவா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அங்கே வேண்டாம்."

"ஏன்?" என்றார் மதர்.

"விழுந்துடும், மதர்."

"அதை அவகிட்ட சொல்லு."

மதர் சுவரின் மேல் வரிசையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். நாலைந்து கல் ஒட்டாமல் கழன்று அந்தப் பக்கம் விழுந்தது.

தொகோசானி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பிள்ளையை மறுபடி முதுகில் ஏற்றி, முன்னைவிட இறுக்கிக் கட்டினாள். ஏதோ சொன்னாள். சிரிக்கவில்லை.

"என்ன சொல்றா, மதர்?"

"பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தச் சுவர்ப் பக்கம்தான் அவ மூத்த பொண்ணு உட்காருவாளாம். இடம் பார்த்து வச்சிருக்காளாம்."

ஜெனோவா உதிர்ந்த கலவையையே பார்த்தாள்.

"அப்போ அவளை அவ்வளவு தூரம் நடக்க விட்டிருக்கணுமா? எனக்கு ஒண்ணும் புரியலை."

மதர் காலி வாளி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஆத்துக்கு எந்தப் பக்கம் போகணும், ஜெனோவா?"

ஜெனோவா வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் ஆற்றுக்குப் போனதில்லை.