ஜமீன்தாரின் குடிசை

கொன்றைக்குளம் ஜமீன்தார், கூரை வேயும் இருளப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு மகாராஜா வருகிறார். அவர் கண்ணில் ஒரு குடிசைகூடப் படக்கூடாது. எல்லாவற்றையும் பிரித்துப் போடு. ஒன்று மிஞ்சினாலும் உன் முதுகில் தோல் மிஞ்சாது."

இருளப்பனின் குடிசையில் மனைவி பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. எந்தக் கூரையிலும் கைவைக்க மனம் வராமல் ஏணியும் தோளுமாய் அவன் மாளிகை வாசலிலேயே நிற்கும்போதே, மகாராஜா ஒருநாள் முன்னதாக வந்து இறங்கிவிட்டார்.

ஜமீன்தார் மாளிகையிலிருந்து ஓடிவந்து கும்பிட்டார். "இந்த ஏழையின் குடிசைக்குள் எழுந்தருள வேண்டும், மகாராஜா."

இருளப்பன் ஏணியை மாளிகைச் சுவரில் சாத்தினான். விறுவிறுவென்று ஏறி ஓடுகளைக் கழற்றத் தொடங்கினான்.

"அடேய், என்னடா செய்கிறாய்?" என்று அலறினார் ஜமீன்தார்.

"குடிசைகளைப் பிரிக்கச் சொன்னது எஜமான்தானே? இதுவும் குடிசை என்று இப்போதுதான் சொன்னீர்கள்."

"அது பணிவுக்குச் சொன்னதடா. இது மாளிகை."

"அப்படியானால் மகாராஜாவிடம் பொய்யா சொன்னீர்கள், எஜமான்?"

மகாராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜமீன்தார் பக்கம் திரும்பினார்.

"பிரிப்பதென்றால் இதிலிருந்தே ஆரம்பிக்கட்டும். இல்லையென்றால் ஊரில் எந்தக் குடிசையையும் தொடக்கூடாது. எது உமக்குச் சம்மதம்?"

கொன்றைக்குளத்தில் ஓர் ஓலைகூட இறங்கவில்லை. அதன்பிறகு எந்த விருந்தாளி வந்தாலும், "என் மாளிகைக்கு வாருங்கள்" என்றுதான் ஜமீன்தார் அழைத்தார். பணிவு அவரை விட்டே போய்விட்டது.