நெடுந்துடுப்பு மீனுக்குப் பெயர் வைத்த கதை

கீழமணல் ஒரு கடற்கரை ஊர். கடல் எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "படகு எந்தப் பக்கம் கிடக்கோ அந்தப் பக்கம்" என்று சொல்லும் அளவுக்கு விவரமானவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களிலும் ரொம்ப விவரமானவன் சந்தியாகு என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. அது சந்தியாகுவின் அபிப்பிராயம்.

அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் மனைவி மதலேனாள் கருவாட்டு வியாபாரத்தில் கெட்டிக்காரி, சந்தை முழுக்க அவளைத் தெரியும். அதனால் அவன் வெறும் "மதலேனாள் புருஷன்." ஒரு தடவை காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, மாதா கோயிலில் சாமியாரே "மதலேனாள் புருஷனுக்காக மன்றாடுவோம்" என்று சொல்லிவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. குறை இறங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஆராவமுதன் என்ற பேராசிரியர் இறங்கினார். மீன்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அவற்றின் ருசி. மனிதர் சுத்த சைவம். கையில் தலையணை மாதிரி ஒரு புத்தகம் வைத்திருந்தார். கடற்கரையில் சந்தியாகுவும் அவன் கூட்டாளிகள் தொம்மையும் கஸ்பாரும் வலையில் விழுந்த முடிச்சை அவிழ்க்கிறேன் என்று இன்னும் நாலு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நெடுந்துடுப்பு மீன்னு ஒண்ணு இந்தப் பக்கத்துக் கடல்ல இருக்கணும்" என்றார் பேராசிரியர். "ரொம்ப நீளமான துடுப்பு உள்ள மீன். பார்த்திருக்கீங்களா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழமணலில் துடுப்பு என்றால் படகு தள்ளுகிற துடுப்புதான். மீன் உடம்பில் இருப்பது செட்டை. இதை அவர்கள் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"துடுப்பு எம்புட்டு நீளம் இருக்கும்யா?" என்று கேட்டான் சந்தியாகு.

"உடம்பைவிட நீளம்."

"வசதி இருக்கப்பட்ட மீனு போல" என்றான் தொம்மை மரியாதையாக.

பேராசிரியர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். அந்த மீனைப் பற்றி அந்தக் காலத்து அறிஞர்கள் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். முதலாமவர், துடுப்பு அரசகுமாரியின் விசிறி போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், அது கப்பல் பாய் போல இருக்கிறது என்றும், மீனின் முகம் சீர் பத்தாத சம்பந்தி முகம் போல இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். மூன்றாமவர், அதன் உடம்பில் நீரில் எழுதிய கையெழுத்துப் போல ஏதோ ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"மூணு பேரும் மூணு மீனைப் பாத்திருக்காவ" என்றான் கஸ்பார்.

"இல்லை. மூணாவது ஆள் மீனைப் பார்க்கவே இல்லை. கடலையும் பார்த்ததில்லை."

"பாக்காமலா எழுதினாரு?"

"அவர்தான் ரொம்ப விரிவா எழுதியிருக்கார்" என்று புத்தகத்தைத் தடவிக்கொடுத்தார் பேராசிரியர். பிறகு அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். "உயிரோட வேணும். பிடிச்ச உடனே நல்லா வர்ணிச்சிடணும், அதுதான் முக்கியம். செத்தா நிறம் போயிடும். அப்புறம் வர்ணிச்சுப் பிரயோஜனம் இல்லை. யார் கொண்டு வர்றாங்களோ அவங்க பேரையே மீனுக்கு வச்சிடுவேன். உலகம் பூரா அந்தப் பேரைச் சொல்லும்."

உலகம் பூராவும் சொன்னால் கீழமணலிலும் யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று சந்தியாகு கணக்குப் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். மீனை வர்ணிக்கச் சொல்லியிருந்தாரே, வர்ணம் இல்லாமல் எப்படி வர்ணிப்பது? அதற்காகப் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டையும் சிவப்புப் பெயிண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். பிரஷ் தொம்மையிடம் இருந்தது. ஊரில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பவன் அவன்தான்.

வலை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கையில் கஸ்பாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மீனுக்கு எதுக்குவே துடுப்பு? அதுக்குத்தான் நீச்சல் தெரியுமே."

"உமக்கு நடக்கத் தெரியும். சந்தைக்குப் போகையில பஸ்ஸுல ஏறலியா?" என்றான் சந்தியாகு.

கஸ்பார் வெகுநேரம் யோசித்தான். தப்பு ஒன்றும் தெரியவில்லை. "அப்ப அதுக்குக் கை வேணுமே?"

"கையிருந்தா அதை அறிஞரு எழுதாம விட்டிருப்பாரா? எழுதல. அதனால கை இல்ல. கை இல்லாம துடுப்பு போடுது. அதனாலதான் இம்புட்டுப் பெரிய ஆளு ஜீப்பு பிடிச்சு வந்து தேடுதாரு."

அந்த நேரத்தில் வலை கனத்தது. இழுத்தார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். அதன் முதுகில் மடங்கிக் கிடந்த செட்டை, தண்ணீரை விட்டு மேலே வந்ததும் மெல்ல விரிந்தது. விரிந்தது, இன்னும் விரிந்தது. ஊதாவும் பச்சையுமாக, வெயில் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. உடம்பைவிட நீளமாகப் பாய் போலப் படகுக்கு மேலே அது நின்றது. பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவன் சந்தியாகு, இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சிலுவை போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான்.

"அழகான மீனு" என்றான் தொம்மை.

"அழகுதான். ஆனா துடுப்பைக் காணோமே" என்று சந்தியாகு அதைக் கடலில் விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அதே மீன் மறுபடியும் அதே வலையில் வந்து விழுந்தது. அதுவும் கீழமணல் கடலில் பிறந்த மீன்தானே.

இந்தத் தடவை மூன்று பேரும் யோசித்தார்கள். "முகத்தைப் பாருங்கவே. சம்பந்தி முகம். அப்ப இதுதான்" என்றான் கஸ்பார்.

"துடுப்பு?"

"எங்கேயோ தொலைச்சிருக்கும். அதான் வலையைச் சுத்திச் சுத்தி வருது, பாவம்."

சந்தியாகு படகில் கிடந்த இரண்டு துடுப்புகளையும் பார்த்தான். மீனைப் பார்த்தான். துடுப்பு உடம்பைவிட நீளம். "நம்ம துடுப்பைக் கட்டிவிடுவோம்" என்றான்.

"அப்ப நாம எப்படிக் கரைக்குப் போறது?"

"துடுப்பு யாருகிட்ட இருக்கோ அவரு தள்ளுவாரு."

மீனின் இரண்டு பக்கமும் துடுப்பை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். மீன் சாகக்கூடாது என்று படகுக்குள் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். பிறகு தொம்மை வர்ணிக்க ஆரம்பித்தான். உடம்புக்கு நீலம், வாலுக்குச் சிவப்பு. கை பழக்கம் விடவில்லை, விலாவில் "மாதா துணை" என்றும் எழுதிவிட்டான். தொம்மையின் எழுத்து தொம்மைக்கே புரியாது என்பதால் மாதாவுக்கு அதனால் ஒரு கெட்ட பெயரும் இல்லை.

காத்திருந்தார்கள். மீன் தள்ளவில்லை.

"மூணு ஆளு பாரம். எப்படித் தள்ளும்? நாம இறங்கினா ஒருவேளை தள்ளும்" என்றான் கஸ்பார்.

இறங்கினார்கள். அப்போதும் தள்ளவில்லை. அதனால் மீன் படகில் இருக்க, மூன்று பேரும் நீந்திக்கொண்டே படகைத் தள்ளி வந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட படகுக்காரர்கள் மீனைப் பார்த்தார்கள், நீந்துகிறவர்களைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மதலேனாள் கேட்டாள். "இந்தாருங்க, படகை வச்சுக்கிட்டு ஏன் நீந்தி வாரீங்க?"

"துடுப்பு மீனுகிட்ட இருக்கு" என்றான் சந்தியாகு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்பச் சரி" என்று அவள் வேலையைப் பார்க்கப் போனாள். கெட்டிக்காரத்தனமெல்லாம் வியாபாரத்தோடு சரி.

பேராசிரியர் ஓடிவந்தார். மீனைப் பார்த்ததும் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். துடுப்பு பழசு என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று சந்தியாகு பயந்தான்.

பேராசிரியர் டேப்பை எடுத்து அளந்தார். "துடுப்பு உடம்பைவிட நீளம்" என்று முணுமுணுத்தார். துடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. "இவ்வளவு கெட்டியா இருக்கும்னு எந்த நூல்லயும் இல்லையே."

"நல்ல மரம்யா" என்றான் தொம்மை.

"மரம் மாதிரியேதான் இருக்கு" என்று அவர் ஒத்துக்கொண்டார். கயிற்றைத் தொட்டு, "வெளிப்புறத் தசைநார்" என்றார். விலாவில் இருந்த எழுத்தைக் கண்டதும் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீரில் எழுதிய கையெழுத்து. பார்க்காமலே எழுதியிருக்காரே மகானுபாவர்."

கடைசியில் முதுகில் நனைந்து துவண்டு கிடந்த அந்தப் பெரிய செட்டையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "இது என்ன, ஏதோ பழைய காயத்துல சவ்வு வளர்ந்து தொங்குது. பரவாயில்லை, இதை எழுத வேண்டாம்."

பிறகு எழுந்து, "மீனைக் கொண்டு வந்தவர் பேரு?" என்றார்.

மதலேனாள் புருஷன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னான். "சந்தியாகு."

"இனிமே இதுவும் சந்தியாகு" என்றார் பேராசிரியர். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் மீனை விட்டு, துடுப்புகள் ஜீப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, வண்டி புறப்பட்டது. தெரு முடிகிறவரைக்கும் சந்தியாகு பின்னாலேயே நடந்து போனான். அன்றிலிருந்து ஊரே மாறிவிட்டது. டீக்கடையில், சந்தையில், கோயில் வாசலில் எல்லாரும் "சந்தியாகுவைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா?" என்று அவனிடமே கேட்டார்கள். பெயரைக் காதால் கேட்கக் கேட்க அவன் கொஞ்சம் சதைகூடப் போட்டான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஜீப் டிரைவர் பாலையா மட்டும் வந்தார். சந்தியாகு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற மதலேனாளிடம் பாலையா வருத்தமாகச் சொன்னார்.

"அம்மா, ஐயா சொல்லிட்டு வரச் சொன்னாரு. சந்தியாகு போற வழியிலேயே செத்துப்போச்சு. வயித்தைக் கிழிச்சுப் பாத்தோம், ரெண்டு மத்தி மீன் இருந்துச்சு. இப்பக் கண்ணாடி ஜாடியில ஸ்பிரிட் ஊத்திப் போட்டு வச்சிருக்கு. இன்னொரு நாள் ஜாடியோட கொண்டாந்து காட்டுவாரு."

மதலேனாள் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டுச் சந்தியாகு எச்சில் கையோடு வெளியே வந்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அப்போதுதான் அவன் தின்று முடித்திருந்ததும் இரண்டு மத்திதான்.

"சரியாத்தான் பாத்திருக்காவ" என்று திண்டாடிப்போய்ச் சொன்னான்.

தொம்மையும் கஸ்பாரும் ஓடிவந்தார்கள்.

"நான் இங்கதானவே நிக்கேன்?" என்று அவர்களிடம் கேட்டான் சந்தியாகு.

"நிக்கேன்னு நீரு சொல்லுதீரு" என்றான் கஸ்பார் பொறுமையாக. "படிச்சவங்க கிழிச்சே பாத்திருக்காவ. உம்ம வயித்தை நீரு கிழிச்சுப் பாத்தீரா?"

"இல்ல."

"அப்ப எதை வச்சுப் பேசுதீரு?"

கேட்டுத் தெளிந்துகொள்ளலாம் என்றால் சாமியாரும் வெளியூர் போயிருந்தார். ஊரே கூடித் துக்கம் கொண்டாடியது. இருந்தவரைக்கும் பெயர் சொல்லாதவர்கள் எல்லாம் "சந்தியாகு, சந்தியாகு" என்று வாய்விட்டு அழுதார்கள். அதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகமாக அழுதது சந்தியாகுதான். தொம்மை அவன் தோளைத் தட்டி, "விடும். போனவரு திரும்பவா போறாரு? உமக்கு நாங்க இருக்கோம்" என்று தேற்றினான்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து, வேப்பமர நிழலில் குழி வெட்டினார்கள். வெட்டி முடித்த பிறகுதான், போட ஆள் இல்லை என்பது தெரிந்தது. ஆள் ஜாடியில் இருந்தார். ஜாடி வர நாளாகும்.

"அதுக்குள்ள வேற யாராவது செத்து முந்திக்கிட்டா?" என்றான் கஸ்பார். "இப்படி நிழலான இடம் மறுபடி கிடைக்காதே."

எல்லாரும் கவலையோடு குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். தோளில் கிடந்த துண்டை உதறி, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி நடுவில் விரித்துப் போட்டான். மேலே ஏறி வந்து குழிவெட்டியிடம், "யாரு வந்து கேட்டாலும், இங்க ஆள் வருதுன்னு சொல்லிரும்" என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக நடந்தான்.