நீளவாலன் சேர்த்த இரண்டு வீரர்கள்

ஓர் ஏரியில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதன் தலைவர் இறந்துபோனார்.

மூத்த மகனே அடுத்த தலைவன் என்ற வழக்கம் அங்கே இல்லை. யாருடைய அப்பாவோ, தாத்தாவோ, தாத்தாவின் அப்பாவான பூட்டனோ தலைவராக இருந்தாரோ, அவர்களில் கெட்டிக்காரனைக் கூட்டம் தேர்ந்தெடுக்கும். ஏரியில் மீன்பிடிக்கும் பங்கும் அவர்களுக்குத்தான். உறவு பூட்டனைத் தாண்டிவிட்டால் பதவியும் இல்லை, பங்கும் இல்லை.

நீளவாலனின் பூட்டன் கருங்காலர் தலைவராக இருந்தவர். நீளவாலனும் நன்றாக நீந்துவான். அவனையே தேர்ந்தெடுப்பது என்று பலரும் பேசிக்கொண்டார்கள். அவனுக்குத்தான் நிம்மதி இல்லை. சபையில் நாரை அவனுடைய வம்சத்தைச் சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான்.

"அப்பா தவளை தின்றே காலம் தள்ளினார். தாத்தா மதகில் சிக்கிச் செத்தார். கேட்டால் சிரிப்பார்களே!" என்றான்.

"சிரித்துவிட்டுப் போகட்டும். உள்ளதைச் சொன்னால் போதாதா?" என்றாள் மனைவி சிறுமீசை.

அவன் கேட்கவில்லை. கொழுத்த விலாங்கு ஒன்றைக் கவ்விக்கொண்டு நாரையிடம் போனான்.

"நாரையக்கா, என் வம்சத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்!"

"தலைவர்கள் என்று சொல்ல முடியாது, தம்பி. தலைவர்கள் பெயர் எல்லோருக்கும் மனப்பாடம்."

"வீரர்கள் போதும்! ஒருவர் முதலையைக் கடித்தவர். இன்னொருவர் கழுகைத் தண்ணீருக்குள் இழுத்தவர்!"

"எங்கே சேர்க்க?"

"தாத்தாவுக்கும் கருங்காலருக்கும் நடுவில்! பக்கத்தில் இருந்தால்தானே எனக்குப் பெருமை!"

"நன்றாக யோசித்துக்கொண்டாயா?"

"யோசித்துத்தான் வந்தேன்!"

நாரை விலாங்கை விழுங்கியது.

சபை கூடியது. நாரை நீட்டி முழக்கியது. முதலை கடிபட்ட இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சிறுமீசை மட்டும் விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு நின்ற பங்காளி தட்டைமூக்கனும் எண்ணியிருந்தான்.

"பெரிய வம்சம்தான் அண்ணே! ஆனால் கருங்காலர் உங்கள் பூட்டனுக்கே தாத்தா ஆகிவிட்டாரே! பிறகு உங்களுக்கு இந்த ஏரியில் என்ன வேலை?"

நீளவாலன் துள்ளி எழுந்தான். "ஐயோ, அந்த இரண்டு பேரும் பொய்!"

"பெற்று வளர்த்த வம்சத்தையே பொய் என்கிறானே!" என்று கூட்டம் காறித் துப்பியது.

நாரை ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டது.

தட்டைமூக்கன் தலைவனானான். நீளவாலன் குடும்பத்தோடு ஏரியைவிட்டு நடந்தான்.

"இனி நம் பிள்ளைகள் எங்கே மீன் பிடிப்பது?" என்றாள் சிறுமீசை. "முதலையைக் கடித்தாரே, அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்!"

இல்லாத பெருமையை முன்னோருக்குச் சேர்க்கப் போகிறவன், அவர்கள் விட்டுச்சென்ற உரிமையையும் இழப்பான்.