வாயைத் திறக்காத கேஸ்கெட்

சிங்காநல்லூரில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு குக்கர் இருந்தது. அதன் மூடிக்குள்ளே ஒரு கேஸ்கெட் குடியிருந்தது. வெறும் கறுப்பு ரப்பர் வளையம்தான். ஆனாலும் மூடியையும் பாத்திரத்தையும் சேர்த்துப் பிடித்து, ஆவி துளியும் ஒழுகாமல் காப்பது தான்தான் என்பதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

அதற்கு இருந்த ஒரே தலைவலி, மூடியின் உச்சியில் உட்கார்ந்திருந்த விசில். கொஞ்சம் சூடு ஏறினால் போதும். ஆடும், குதிக்கும், பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தும்.

“உனக்கு வெக்கமே கிடையாதா?” என்று ஒருநாள் கேட்டது கேஸ்கெட். “நான் பாடுபட்டுச் சேர்த்து வைக்கிறேன். நீ ஒரே மூச்சுல ஊதித் தள்ளுற.”

“சுட்டா சுடுதுன்னு சொல்றேன். இதுல என்ன வெக்கம்?” என்றது விசில்.

“எனக்கும்தான் சுடுது. நான் வாயைத் திறந்திருக்கேனா?”

“அது வீம்பு. எனக்கு அந்த வியாதி இல்ல.”

கேஸ்கெட்டுக்குப் பிடித்த மனிதர் அந்த வீட்டுக்காரர் சென்னியப்பன். சிநேகிதர் மயில்சாமியோடு சேர்ந்து லேத் பட்டறை நடத்துகிறவர். சில நாட்களாக அவர் வீட்டுக்கு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மனைவி பூங்கொடி எது கேட்டாலும் “ஒன்னுமில்ல” என்ற ஒரே பதில்.

“பார்த்தியா, மனுசன்னா இப்படி இருக்கணும். மனசுல என்ன இருக்குன்னு ஒரு பொட்டு வெளிய வருதா?” என்று மெச்சிக்கொண்டது கேஸ்கெட்.

“எனக்கென்னவோ அவரைப் பார்த்தா பயமா இருக்கு,” என்றது விசில்.

மறுநாள் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. வழக்கமான நேரம் தாண்டியும் விசில் வாயே திறக்கவில்லை. கேஸ்கெட்டுக்கு ஒரே சந்தோஷம். ‘ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது’ என்று நினைத்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. உள்ளே ஆவி முட்டியது. மூடி நடுங்கியது. கேஸ்கெட் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது. பிடிக்கப் பிடிக்க உடம்பு இழுபட்டது.

“ஏய், என்ன பண்ற மேல? ஏதாவது சத்தம் போடு,” என்றது.

விசிலால் முடியவில்லை. ஆவி ஏறி வருகிற துளையில் ஒரு பருப்புத் தோல் வந்து அடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் கேஸ்கெட்டால் தாங்க முடியவில்லை. ஒரு பக்கம் கை நழுவியது. அந்த இடுக்கு வழியாக ஆவி சீறிக்கொண்டு பாய்ந்தது, பருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. பூங்கொடி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். சுவரைத் துடைத்து, துளையைக் குத்திச் சுத்தம் செய்து, குக்கரைத் திரும்பவும் ஏற்றினாள். இந்தத் தடவை சுற்றுவட்டம் முழுக்க ஆவி கசிந்தது. விசில் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தது.

“கேஸ்கெட் தளர்ந்து போச்சு,” என்றாள் பூங்கொடி.

குப்பைத் தொட்டிதான் என்று முடிவு செய்து கண்ணை மூடிக்கொண்டது கேஸ்கெட். திறந்தபோது ஃபிரீசரில் இருந்தது. பக்கத்தில் ஒரு பை நிறையப் பச்சைப் பட்டாணி. பழக்க தோஷத்தில் அது ஐஸ் தட்டின் விளிம்பைப் போய்ப் பிடித்தது.

“கையை எடுங்க,” என்றது ஐஸ் தட்டு. “நான் எங்கயும் போகல.”

“இல்ல, நான் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா எல்லாம் போயிரும்.”

“இங்க போறதுக்கு ஒன்னுமில்ல,” என்றது ஒரு பட்டாணி. “சும்மா படுங்க. நாங்க எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

சும்மா படுப்பது எப்படி என்று கேஸ்கெட்டுக்குத் தெரியாது. புரண்டு புரண்டு பார்த்தது. கடைசியில் அசதியே அதைத் தூங்க வைத்தது. விழித்தபோது, குளிரில் சுருங்கி உடம்பு பழைய இறுக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

மறுபடி மூடிக்குள் வந்து உட்கார்ந்ததும் கேஸ்கெட் தயங்கித் தயங்கிக் கேட்டது: “நீ இருக்கியா மேல?”

“இருக்கேன்,” என்றது விசில். “நேத்து நீ தளர்ந்ததும் எனக்குக் குரலே வரல. ஊத நினைச்சாலும் எங்கிட்ட ஒன்னும் வந்து சேரல.”

“நீ ஊதாம விட்டதுலதான் நான் தளர்ந்தேன்,” என்றது கேஸ்கெட்.

அதற்குள் பூங்கொடி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். சென்னியப்பன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

“ஏனுங்க, பட்டறையில என்ன ஆச்சு?”

“ஒன்னுமில்ல.”

பூங்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். “நேத்து இந்தக் குக்கரும் ஒன்னுமில்லாத மாதிரித்தானுங்க இருந்துச்சு.”

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். மஞ்சள் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. சொம்போடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மயில்சாமி தனியாப் போறானாம். என்கிட்ட சொல்லல, வெளியாள் சொல்லித்தான் தெரியும். ஒரு ஆர்டர் கெட்டுப்போச்சு. என் கவனக்குறைவுன்னு அவன் நினைக்கிறான், அவனுதுன்னு நான் நினைக்கிறேன். ஒரே லேத்துக்கு முன்னால நின்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கறோம்.”

“அவருகிட்ட கேட்டீங்களா?”

“அவனும் பேசல, நானும் பேசல.”

“அப்ப ரெண்டு பேரும் வாயை மூடியே பட்டறையையும் மூடப் போறீங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பரை அழுத்தினார்.

“மயிலு, சாப்பிட்டியா? … இல்லையா? அப்ப வீட்டுக்கு வா.”

இத்தனைக்கும் நடுவில் விசில் ஊதிக்கொண்டேதான் இருந்தது. எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை.

அன்றைக்குச் சாம்பாரில் பருப்பு கூழாகக் கரைந்து போயிருந்தது. மயில்சாமி அதை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.